வடுவியல்: பழைய லென்ஸின் கீறல் குறித்த ஆய்வேட்டுச் சுருக்கம்

ஆய்வு நோக்கமும் எல்லையும்

கேனன் 50 மி.மீ., எஃப் 1.8 லென்ஸ் ஒன்று செகண்ட் ஹேண்டில் விலைக்கு வருகிறது. கேட்கும் விலை நியாயம். படம் கூர்மையாக விழும் என்று விற்பவர் சத்தியம் செய்கிறார். ஆனால் உடம்பில் கீறல். வாங்கலாமா, கூடாதா? இந்த வினாவைக் கடைக்காரரிடம் கேட்டால் ‘பாத்து எடுங்க’ என்கிறார். நண்பரிடம் கேட்டால் ‘உன் இஷ்டம்’ என்கிறார். எதைப் பார்ப்பது, இஷ்டம் எப்படிப் பிறக்கிறது என்பதை இரு தரப்பும் விளக்குவதில்லை. அக்குறையை நிறைவு செய்வதே இவ்வாய்வின் நோக்கம்.

புது லென்ஸ் வாங்க வசதியுள்ளவர்கள் ஆய்வு எல்லைக்கு வெளியே நிம்மதியாக இருக்கிறார்கள். அவர்களைத் தொந்தரவு செய்யவில்லை. ஆட்டோஃபோகஸ் இறந்தது, அப்பர்ச்சர் இறுகியது போன்ற உறுப்புக் கோளாறுகளும் எல்லைக்குள் வரா. கண்ணுக்குத் தெரிகிற, ஆனால் படத்தில் தெரியுமா என்று ஐயம் தருகிற வடுக்கள் மட்டுமே இங்கு ஆய்வுப் பொருள்.

மாதிரிப் பொருளாக மேற்படி 50 மி.மீ. லென்ஸின் இரண்டாம் வடிவம் எடுத்துக்கொள்ளப்பட்டது. 1990இல் வெளிவந்தது; எடை 130 கிராம். உடம்பு பிளாஸ்டிக், கேமராவில் பூட்டும் மவுண்டும் பிளாஸ்டிக். முதன்முறை கையில் வாங்குபவர் இதற்குள் ஏதாவது இருக்கிறதா என்று ஒருமுறை ஐயுறுவது வழக்கம். இதற்கு மூத்த 1987ஆம் ஆண்டு வடிவத்துக்கு உலோக மவுண்டும் தூரம் காட்டும் அளவுகோலும் உண்டு. பழைய லென்ஸ் சந்தையில் அண்ணனுக்குத்தான் இன்றும் மரியாதை அதிகம். வயது கூடினால் மதிப்புக் குறையும் என்ற பொது விதி இத்துறையில் தொடக்கத்திலேயே ஆட்டம் காண்கிறது என்பதை நோக்குக.

கருதுகோள்கள்

இவ்வாய்வு மூன்று கருதுகோள்களை முன்வைக்கிறது. ஒன்று: லென்ஸில் விழுந்த கீறல் படத்தில் விழுவதில்லை, வாங்குபவர் மனத்தில் விழுகிறது. இரண்டு: கீறலைக் கண்டு தயங்குபவர் லென்ஸைப் பார்த்துத் தயங்குவதில்லை, என்றோ ஒருநாள் அதைத் தன்னிடமிருந்து வாங்க வரப்போகும் முகம் தெரியாத ஆளைப் பார்த்துத் தயங்குகிறார். மூன்று: வடுவே இல்லாத பழைய லென்ஸைத்தான் அதிகம் சந்தேகிக்க வேண்டும்.

முன்னோர் ஆய்வுகள்

இத்துறையின் முதல் பெருங்கண்டுபிடிப்பு 1886இல் நிகழ்ந்தது. இங்கிலாந்தின் ராலே பிரபு, காற்றுப் பட்டு மங்கிப்போன பழைய கண்ணாடித் துண்டுகளைப் புதுக் கண்ணாடியோடு ஒப்பிட்டார். மங்கியது குறைவான ஒளியைத்தான் கடத்தும் என்று யாரும் நினைப்பார்கள். நடந்தது நேர்மாறு. மங்கிய கண்ணாடி புதியதைவிட அதிக ஒளியைக் கடத்தியது. மேற்பரப்பில் படிந்த மெல்லிய படலம் காற்றுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் தரகர்போல் நின்று, வீணாகத் தெறித்துப்போகும் ஒளியைக் குறைத்துவிட்டது. யார்க் நகரத்துக் குக் நிறுவனத்தில் லென்ஸ் வடிவமைத்த டென்னிஸ் டெய்லரும் 1890களில் இதையே கண்டார். கண்டதோடு விடாமல், புதுக் கண்ணாடியை வேண்டுமென்றே இரசாயனத்தால் மங்கச்செய்யவும் முயன்றார்.

ஆக, லென்ஸ் வரலாற்றில் ‘பார்க்க நன்றாயில்லை’ என்பது ‘நன்றாக வேலை செய்கிறது’ என்பதன் அடையாளமாகவே முதலில் பதிவாகியிருக்கிறது. பூச்சில்லாத கண்ணாடி ஒவ்வொரு பரப்பிலும் ஏறத்தாழ 4 சதவீத ஒளியைத் தெறித்துவிடும். நம் மாதிரிப் பொருளில் 6 கண்ணாடிகள் 5 தொகுதிகளாக உள்ளன; காற்றைத் தொடும் பரப்புகள் 10. பூச்சே இல்லாவிட்டால் உள்ளே நுழையும் ஒளியில் மூன்றில் ஒரு பங்கு சென்சாருக்கு வந்து சேராது. 1935இல் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மகுலா உருவாக்கிய பூச்சுதான் இதற்கு மருந்தானது. இன்று லென்ஸைச் சாய்த்தால் தெரியும் ஊதாவும் பச்சையும் அந்தப் பூச்சின் நிறங்கள். வாங்க வந்தவர் அந்த நிறத்தைப் பார்த்து ‘கண்ணாடி சூப்பரா இருக்கு’ என்கிறார். அவர் மெச்சுவது, முறைப்படி ஏற்றப்பட்ட ஒரு மங்கலை.

வகைப்பாடு

வடுக்களை வகைப்படுத்துவதில் உலகம் ஒருமித்த கருத்துடையதன்று. பழைய கேமரா விற்பனைக்குப் பேர்போன அமெரிக்கக் கடையான கே.இ.எச்., பொருள்களைப் ‘புதிது போல்’ என்பதில் தொடங்கிப் படிப்படியாகத் தரம் பிரிக்கிறது. கீழ்த்தட்டில் ‘அக்ளி’ என்றே, அதாவது அவலட்சணம் என்றே, ஒரு தரத்தை வைத்திருக்கிறது. நம் ஊர்ச் சந்தையில் இருப்பது ஒரே தரம்: ‘மிண்ட் கண்டிஷன்’. அதற்குக் கீழே தரமில்லை, அடைமொழிகள்தான் உண்டு. ‘ஹோம் யூஸ் மட்டும்’, ‘சிங்கிள் ஓனர்’, ‘அவுட்டோர் போனதே இல்ல’, ‘பில் இருக்கு, பாக்ஸ் மட்டும் இல்ல’, ‘அர்ஜென்ட் சேல்’. இவற்றோடு இணைக்கப்படும் படம் தனி ஆய்வுக்குரியது. ஊரையே கூர்மையாகப் படம்பிடித்த லென்ஸ், தன் விற்பனைக்கான படத்தில் மட்டும் ட்யூப்லைட் வெளிச்சத்தில், செல்போனில், ஃபோகஸ் இல்லாமல் விழுந்திருக்கும். கீறல் உள்ள பக்கம் தரையைப் பார்த்திருக்கும்.

இக்குழப்பம் நீங்க இவ்வாய்வாளர் நூற்பா யாத்து உரையும் வகுத்துள்ளார்.

நூற்பா 1
உரசல் புறத்தது; அடியோ அகத்தது;
இரண்டும் பிரித்தே எண்ணுக விலையே.

இது என் நுதலிற்றோ எனின், வடுக்களின் தோற்றுவாய் உணர்த்துதல் நுதலிற்று. உரசலாவது பையின் ஜிப், மேசை விளிம்பு, இன்னொரு லென்ஸ் ஆகியவற்றோடு பழகிப் பழகி வருவது. பரவலாக, மேலோட்டமாக, ஒரே திசையில் இருக்கும். எழுத்துகள் அழிந்திருப்பதும், ரப்பர் வளையம் வெளுத்துத் தொளதொளத்திருப்பதும் இவ்வினத்தில் அடங்கும். ஸ்டூடியோக்காரர்கள் தம் பொருள் கலந்துவிடாதிருக்க நெயில் பாலிஷில் வைக்கும் சிவப்புப் புள்ளியும் இவ்வினமே. உரசல் உழைப்பின் சான்று.

அடியாவது ஒரே கணத்தில், புவியீர்ப்பின் துணையோடு வருவது. ஓரிடத்தில் ஆழமாக இருக்கும். ஃபில்டர் திருகும் முன்வளையத்தில் ஒடுக்கு விழுந்திருந்தால் அது அடி. ஃபில்டர் ஏறாது என்பது அதில் சிறிய பிரச்சினை. ஒடுக்கு எடுப்பதற்கென்றே கருவி உண்டு. பெரிய பிரச்சினை, அந்த அதிர்ச்சி உள்ளே எதை அசைத்தது என்பது. ஒரு கண்ணாடி மயிரிழை சாய்ந்தாலும் படத்தின் ஒரு மூலை கூர்மையாகவும் எதிர்மூலை கலங்கலாகவும் விழும். எனவே உரசலுக்குக் கழிக்கும் தொகையும் ஒடுக்குக்குக் கழிக்கும் தொகையும் ஒன்றாகா. ‘எண்ணுக விலையே’ என்றதன் ஏகாரம் தேற்றம்.

அஃதேல், லென்ஸ் விழுந்தும் ஒடுக்கு விழாதிருக்கலாகாதோ எனின், ஆகும். நம் மாதிரிப் பொருள் பிளாஸ்டிக்கானமையின் ஒடுக்கு விழாது, இரண்டாகக் கழன்றுவிடும். மறுபடி அழுத்திப் பூட்டி விற்பாரும் உளர். அவ்விடத்துத் திருகாணித் தலைகளை நோக்குக. தலையில் பளபளப்பான புதுக் கீறல் இருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். திறந்தவர் தொழில் தெரிந்தவரா, யூட்யூப் பார்த்தவரா என்பதைத் திருகாணித் தலையின் சிதைவே சொல்லிவிடும்.

நூற்பா 2
முன்வடு பொறுக்க; பின்வடு வெறுக்க;
பூஞ்சை காணின் எழுந்து நடக்க.

இது கண்ணாடி வடுக்களின் தராதரம் உணர்த்துதல் நுதலிற்று. முன்கண்ணாடிக் கீறலைப் பொறுத்துக்கொள்ள வேண்டுவதன் காரணம் அடுத்த இயலில் கணக்கால் நிறுவப்படும். பின்கண்ணாடி சென்சாருக்கு அருகில் இருப்பது. ஒளி அங்கே வந்து சேரும்போது குறுகிவிடுகிறது. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் உரிய ஒளிக்கற்றை கண்ணாடியின் சிறு பகுதியை மட்டுமே பயன்படுத்துகிறது. அதனால் அங்குள்ள சிறு வடுவும் படத்தில் தன் பங்கைக் கேட்கும். பூஞ்சையாவது கேமராக்காரர் நாவில் ‘ஃபங்கஸ்’ என வழங்குவது. அதைப் பற்றிப் பின்னர்க் கூறுதும். ‘எழுந்து நடக்க’ என்றது, ஆர்டர் செய்த டீ வராவிடினும் என்றற்கு.

கணக்கால் நிறுவல்

முன்கண்ணாடியில் 5 மி.மீ. நீளமும் 0.1 மி.மீ. அகலமும் உள்ள கீறல் இருப்பதாகக் கொள்வோம். கைவிரல் நகத்தில் பட்டால் உணரக்கூடிய, வாங்க வந்தவரின் முகம் சுருங்கப் போதுமான கீறல் இது. பரப்பு 0.5 சதுர மி.மீ. முழுக்கத் திறந்த நிலையில், அதாவது எஃப் 1.8இல், 50 மி.மீ. லென்ஸின் ஒளிவாயில் ஏறத்தாழ 28 மி.மீ. விட்டமுடையது, பரப்பு ஏறக்குறைய 600 சதுர மி.மீ. கீறல் மறைப்பது இதில் 1,200இல் ஒரு பங்கு. கேமராவின் டயலை ஒரு ஸ்டாப் திருப்பினால் ஒளி பாதியாகிறது. அதை நாம் ஒரு நாளில் எத்தனையோ முறை, மனச்சாட்சி உறுத்தாமல் செய்கிறோம். 1,200இல் ஒரு பங்குக்காகத் தூக்கம் கெடுகிறது.

கீறலின் உருவம் ஏன் படத்தில் கோடாக விழுவதில்லை எனின், அது லென்ஸின் மூக்கின்மேலேயே இருப்பதால் எவ்வகையிலும் ஃபோகஸ் ஆகாது. எதிரே நிற்பவரின் மூக்குத்தியிலிருந்து கிளம்பும் ஒளி முன்கண்ணாடி முழுவதிலும் பரவித்தான் உள்ளே நுழைகிறது. கீறல் பட்ட இடத்தில் தடைப்பட்டது போக மீதி எல்லாம் ஒன்றுகூடி மூக்குத்தியை முழுமையாக வரைந்துவிடும்.

நடுநிலை தவறாத ஆய்வாகையால் எதிர்ச்சான்றுகளும் தரப்படுகின்றன. எஃப் 16க்கு இறக்கினால் ஒளிவாயில் 3 மி.மீ. சொச்சமாகச் சுருங்கும். கீறல் நட்டநடுவில் இருக்குமானால் இப்போது அது மறைப்பது 25இல் ஒரு பங்கு. அடுத்தது, கீறல் ஒளியை மறைப்பதோடு சிதறவும் அடிக்கும். சூரியனை எதிரே வைத்து எடுத்தால் படத்தில் வெளிறிய புகைபோல ஒன்று படரும், கருப்பு சாம்பலாகும். பழைய ஆட்கள் இதற்குக் கீறலுக்குள் கருப்பு மையை நிரப்பிவிடுவார்கள். சிதறடிப்பது நின்று, மறைப்பது மட்டும் மிஞ்சும். பார்க்க இன்னும் மோசமாக இருக்கும், படம் தேறும். இத்துறையின் தத்துவம் முழுவதும் அந்த ஒரு சொட்டு மையில் அடக்கம்.

மூன்றாவது எதிர்ச்சான்று கல்யாண மண்டபத்தில் கிடைக்கிறது. மாப்பிள்ளையும் பெண்ணும் ஃபோகஸில் நிற்க, பின்னால் சீரியல் செட் பல்புகள் பெரிய ஒளிவட்டங்களாக மலர்ந்து நிற்கும். அந்த வட்டம் ஒவ்வொன்றும் ஒளிவாயிலின் நிழற்படம். கண்ணாடியில் உள்ள கீறலும் தூசும் அவ்வட்டங்களில் சில வேளை தலைகாட்டும். ஆல்பத்தைத் திறக்கும் உறவினர் எவரும் பல்பு வட்டத்தை உற்றுப் பார்ப்பதில்லை. அவர்கள் தேடுவது தம் முகத்தை.

தயாரிப்பாளர்களே இதை ஒப்புக்கொண்டதற்கும் சான்று உண்டு. 500 மி.மீ., எஃப் 8 கண்ணாடிப் பிரதிபலிப்பு லென்ஸ்களில் முன்கண்ணாடியின் நட்டநடுவே ஒளி புகாத வட்டம் ஒன்று நிரந்தரமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளிருக்கும் சிறு ஆடியின் முதுகு அது. அதன் வழியே ஓர் ஒளித்துளியும் போகாது. தொழிற்சாலையே வைத்தால் அதற்குப் பெயர் வடிவமைப்பு. பையின் ஜிப் வைத்தால் டேமேஜ்.

1970ஆம் ஆண்டின் முக்கியத்துவம்

வடுவியலின் இரண்டு தூண்களும் ஒரே ஆண்டில் நடப்பட்டன. 1970 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்து மெக்டொனால்டு வானாய்வு நிலையத்தில், மனம் குலைந்த ஊழியர் ஒருவர் 107 அங்குலத் தொலைநோக்கியின் முதன்மை ஆடியைத் துப்பாக்கியால் 7 முறை சுட்டார், சுத்தியலாலும் அடித்தார். உருக்கிய சிலிக்காவால் ஆன ஆடி நொறுங்கவில்லை. குண்டு பட்ட இடங்களில் குழிகள் விழுந்தன. விளைவைக் கணக்கிட்டபோது, 107 அங்குலத் தொலைநோக்கி சுமார் 106 அங்குலத் தொலைநோக்கி செய்யும் வேலையைச் செய்யும் என்று தெரிந்தது. குழிகளோடேயே அது வானத்தைத் தொடர்ந்து பார்த்து வருகிறது. நட்சத்திரங்களிலிருந்து புகார் இல்லை. பையில் உரசிய 50 மி.மீ. லென்ஸை ஒதுக்குபவர் இந்த ஆடியை ஒருகணம் நினைத்துக்கொள்வது நலம்.

அதே ஆண்டு ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளியலாளர், பழைய கார்ச் சந்தையை வைத்து ஒரு கட்டுரை வெளியிட்டார். பின்னாளில், 2001இல், அவருக்கு நோபல் பரிசு கிடைக்க அதுவே பெருங்காரணம். அதன் சாரம்: காரின் குற்றம் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் எல்லாக் காரையும் சொத்தை என்றே வைத்து விலை பேசுவார். அந்த விலைக்கு நல்ல காரை விற்க யாரும் முன்வராததால் நல்ல கார்கள் சந்தையை விட்டு ஒதுங்கும். கடைசியில் சொத்தைகள்தான் மிஞ்சும்.

இந்தக் கோட்பாட்டை லென்ஸுக்குப் பொருத்தினால் கீறலின் சமூகப் பயன் விளங்கும். பேரம் நடக்கும் மேசையில் இருவருக்கும் சமமாகத் தெரிந்த ஒரே உண்மை அந்தக் கீறல்தான். மற்றதெல்லாம் விற்பவரின் வாய்மொழி.

நூற்பா 3
கண்ட குறைக்குக் காசு குறையும்;
காணாக் குறையே காசைத் தின்னும்.

உரை வேண்டாது விளங்கும்.

களப்பணி

களம் பெரும்பாலும் மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் உள்ள டீக்கடை. விற்பவர் இளைஞர், கல்யாணம், காதுகுத்து எடுப்பவர். வாங்குபவர் அவரைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். உரையாடல் பின்வரும் வாய்பாட்டை விட்டு விலகுவதில்லை.

“கீழ விழுந்துச்சா, தம்பி?”

“விழலண்ணே. பைல போட்டு உரசுனது.”

“அப்ப இந்த ஓரம் ஏன் நசுங்கியிருக்கு?”

“அது நான் வாங்கும்போதே இருந்துச்சுண்ணே.”

இதை ‘முன் உடைமையாளர் கோட்பாடு’ எனலாம். இதன்படி எந்த லென்ஸுக்கும் எந்தச் சேதமும் இப்போதைய உடைமையாளரின் ஆட்சிக்காலத்தில் நேர்வதில்லை. இதே கேள்வியோடு ஒவ்வொருவராகப் பின்னோக்கிப் போனால் குற்றம் கடைசியில் தொழிற்சாலை வாசலில் போய் நிற்கும்.

ஆகவே வாய்மொழிச் சான்றை விட்டுப் பொருட்சான்றுக்குச் செல்க. லென்ஸைக் கழற்றி இரு பக்க மூடிகளையும் எடுத்துவிட வேண்டும். கேமராவிலிருந்து கழற்றிய இவ்வகைக் கேனன் லென்ஸில் அப்பர்ச்சர் முழுக்கத் திறந்தே இருக்கும், அது வசதி. செல்போன் டார்ச்சைப் பின்பக்கம் பிடித்து, முன்பக்கத்திலிருந்து நேராகப் பார்க்காமல் சற்றுச் சாய்த்துப் பார்க்க வேண்டும். முதலில் தெரிவது தூசு. டார்ச் வெளிச்சத்தில் எந்த லென்ஸும் ஒரு பிரபஞ்சத்தைக் காட்டும், அஞ்ச வேண்டியதில்லை. அடுத்து, கண்ணாடியின் விளிம்பிலிருந்து மையத்தை நோக்கி மெல்லிய வெள்ளை நூல் கிளைத்து, அந்தக் கிளையிலிருந்து இன்னொன்று கிளைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அது ஃபங்கஸ். கண்ணாடி முழுவதும் பால் தெளித்தாற்போல் மங்கலாக இருந்தால் எண்ணெய் ஆவியோ ஒட்டுப் பசையின் சீர்கேடோ. ‘தொடச்சா போயிடும்ணே’ என்று விற்பவர் சட்டை நுனியைத் தூக்குவார். உள்பக்கம் இருப்பதை வெளிப்பக்கம் துடைத்து நீக்கும் வித்தை இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

பிறகு மவுண்ட். மாட்டுச் சந்தையில் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பதுபோல இங்கே மவுண்டைப் பார்க்க வேண்டும். மேலே எவ்வளவு துடைத்து மெருகேற்றினாலும் மவுண்டின் தேய்மானம் வயதைச் சொல்லிவிடும். ‘ரெண்டு தடவதான் மாட்டிருக்கேன்’ என்ற லென்ஸின் மவுண்ட் ஆழமாகத் தேய்ந்திருந்தால், அந்த இரண்டு தடவையும் மிக நீண்டதாக இருந்திருக்க வேண்டும்.

கடைசியாக, எதிரே உள்ள சுவரை எஃப் 1.8இல் நேர்க்கோணத்தில் ஒரு படம். செங்கல் சுவராக இருந்தால் உத்தமம். சினிமா போஸ்டர் ஒட்டிய சுவரானாலும் எழுத்துகள் உதவும். நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். நான்கும் ஒரே அளவு மென்மையாக இருந்தால் அது இந்த லென்ஸின் சுபாவம். ஒரு மூலை மட்டும் தனியாகக் கலங்கினால், உரசியது என்று சொல்லப்பட்ட லென்ஸ் உருண்டது என்று பொருள்.

எதிர்த்தரப்பும் மறுப்பும்

மூளியான பொருள் வீட்டில் ஆகாது என்பது பெரியோர் வாக்கு. பின்னமான விக்கிரகத்தைப் பூசையில் வைப்பதில்லை. உடைந்த முகக்கண்ணாடியைச் சுவரில் மாட்டுவதில்லை. கீறிய கண்ணாடியைக் காசு கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவருவது தகுமா எனின், விக்கிரகம் பார்க்கப்படுவது, லென்ஸ் பார்ப்பது. பார்க்கப்படும் பொருளுக்குரிய இலக்கணத்தைப் பார்க்கும் பொருளுக்கு ஏற்றுவது இடவழு. மேலும், இதே மரபு நெடுநாள் அசையாமல் பூட்டி வைத்த பொருளையும் நல்லதென்று சொன்னதில்லை.

அங்கேதான் மூன்றாம் கருதுகோள் மெய்ப்படுகிறது. சென்னை கடலோர ஊர். ஐப்பசி, கார்த்திகையில் பீரோவில் மடித்த பட்டுப்புடவையே வாடை அடிக்கும். காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நிற்குமானால் பூஞ்சைக்கு விருந்துதான். கண்ணாடியில் படிந்த இம்மியளவு தூசும் எண்ணெய்ப் பிசுக்கும் அதற்கு உணவு. அது வளர வளர வெளிவிடும் அமிலம் பூச்சை அரிக்கும். முற்றினால் கண்ணாடியையே அரிக்கும். துடைத்தாலும் தடம் போகாது. வெளிச்சமும் காற்றோட்டமும் அதற்கு ஆகாதவை.

இப்போது இரண்டு லென்ஸ்களை எண்ணிப் பார்க்க. ஒன்று, முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் வெளியே போய், வெயில் பட்டு, பையில் உரசி, எழுத்தழிந்து நிற்பது. இன்னொன்று, வெளிநாட்டிலிருந்து மாமா வாங்கி வந்து, வெல்வெட் துணியில் சுற்றி, தோல் உறையில் போட்டு, பீரோவில் ‘பத்திரமாக’ வைக்கப்பட்டது. சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றுகூட உடன் வைக்கப்படவில்லை. இரண்டாவதன் உடம்பில் ஒரு கீறல் கிடையாது. டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே ஒரு காடே இருக்கும்.

பார்க்கக் கெட்டுப்போய் உண்மையில் சரிசெய்யக்கூடிய நோயும் உண்டு. அசாகி பென்டாக்ஸின் பழைய 50 மி.மீ., எஃப் 1.4 டாகுமர்கள் சிலவற்றில் தோரியம் கலந்த கண்ணாடி இருக்கிறது. அதன் கதிரியக்கத்தால் காலப்போக்கில் கண்ணாடி டீத்தண்ணீர் நிறத்துக்கு மஞ்சளாகும். கொஞ்ச நாள் வெயிலில் வைத்தால் தெளிந்துவிடும். மொட்டைமாடியில் வடாம் காயும் காலத்தில் மற்றொரு மூலையில் இதையும் வைக்கலாம். காக்கை வடாத்தைத்தான் விரும்பும்.

பொருளியல்

விலை பற்றிய அச்சமே கடைசி அரண். ‘திரும்ப விக்கும்போது போகாதே’ என்பார்கள். எடுத்துக்காட்டாக, குறையில்லாத லென்ஸ் ரூ.6,000 என்றும் கீறலுள்ளது ரூ.4,500 என்றும் வைத்துக்கொள்வோம். கீறலோடு ரூ.4,500க்கு வாங்கியவர், சந்தை நிலவரம் மாறாதிருக்க, கீறலோடு ஏறத்தாழ அதே விலைக்குத்தான் விற்பார். கழிவோடு வாங்கிக் கழிவோடு விற்றவருக்குக் கீறலால் நட்டமில்லை. கீறலின் விலை ரூ.1,500ஐ முழுதாகக் கட்டியவர் முதல் உடைமையாளர். ஜிப்பில் உரசிய அந்தக் கணமே கட்டிவிட்டார். குறையில்லாததை ரூ.6,000க்கு வாங்கியவரோ அந்த ரூ.1,500ஐத் தானே தலையில் சுமந்துகொண்டு ஒவ்வொரு ஜிப்பையும் பயந்து பயந்து திறக்க வேண்டும்.

சரி, இவ்வளவு தெளிவிருந்தும் ஏன் தயக்கம்? இரண்டாம் கருதுகோளுக்கு வருக. வாங்க வந்தவர் லென்ஸை உருட்டிப் பார்க்கும்போது அவர் கண்ணில் அடுத்து வாங்குபவரின் கண் உட்கார்ந்திருக்கிறது. ‘எனக்கு ஒண்ணுமில்ல, நாளைக்கு எவன் எடுப்பான்?’ என்கிறார். அந்த ‘எவன்’ வரும்போது அவனும் அவனுக்கடுத்த எவனை நினைத்தே விலையைக் குறைப்பான். தருக்க நூலார் அநவஸ்தை என்று ஒதுக்கும் இந்த முடிவிலாச் சங்கிலியில் படம் எடுப்பவர் என்று ஒருவர் எங்குமே தென்படுவதில்லை. எல்லாரும் விற்பவர்கள், சிலர் இப்போதைக்கு வாங்குகிறார்கள்.

கீறலுக்குத் தன்னளவில் விலை இல்லை என்பதற்கு இறுதிச் சான்று 2015இல் கிடைத்தது. லைக்கா நிறுவனம் பாடகர் லெனி கிராவிட்ஸின் பெயரோடு எம்-பி கேமராவும் லென்ஸ்களும் அடங்கிய தொகுப்பை வெளியிட்டது. மொத்தம் 125 தொகுப்புகள். அதன் சிறப்பு: கருப்பு வண்ணத்தைத் தொழிற்சாலையிலேயே கையால் தேய்த்து, உள்ளே இருக்கும் பித்தளை வெளித்தெரியும்படி, பல காலம் போர்க்களம் கண்டதுபோல் ஆக்கியிருந்தார்கள். தேய்த்ததற்காக விலை குறைக்கவில்லை. ஆக, கீறல் ஏழை கையில் இருந்தால் கழிவு, பணக்காரர் கையில் இருந்தால் கலை. லென்ஸ் இரண்டிடத்திலும் ஒரே மாதிரிதான் படம் எடுக்கும்.

ஆய்வு முடிவுகள்

உரசலும் எழுத்தழிவும் விலையைக் குறைக்க மட்டுமே பயன்படுபவை, மகிழ்ச்சியோடு வாங்குக. ஒடுக்கு இருப்பின் சுவரைப் படமெடுத்து நான்கு மூலைகளும் ஒத்திருந்தால் வாங்குக. விலையில் ஒடுக்கெடுக்கும் கூலியையும் கழிக்க. முன்கண்ணாடிக் கீறலை, சூரியனை எதிர்த்து எடுக்கும் பழக்கமில்லாதவர் வாங்கலாம். பின்கண்ணாடிக் கீறலையும் திறந்த திருகாணியையும் தவிர்க்க. ஃபங்கஸுக்கு இரண்டாம் நூற்பா காண்க. வடுவே இல்லாத பழைய லென்ஸாயின் டார்ச்சை இரண்டு மடங்கு நேரம் பிடிக்க.

மேலாய்வுக்கான பரிந்துரைகள்

இவ்வாய்வு தொடாத பகுதிகள் பல. ‘பாக்ஸ் மட்டும் இல்ல’ என்ற தொடரில் அந்தப் பாக்ஸ்கள் எல்லாம் எங்கே போகின்றன என்பது ஒன்று. மூடி தொலைந்த லென்ஸ்களின் எண்ணிக்கையும் லென்ஸ் தொலைந்த மூடிகளின் எண்ணிக்கையும் ஒருபோதும் சமமாகாதது ஏன் என்பது மற்றொன்று. எனினும் முனைவர் பட்ட அளவில் உடனடியாக மேற்கொள்ள வேண்டியது வேறு. கீறல் விழுந்த லென்ஸை நெடுநேரம் பேரம் பேசிக் குறைந்த விலைக்கு வாங்கியவர், அன்று மாலையே கடைக்குப் போய்ப் புது யுவி ஃபில்டர் ஒன்றை முழு விலைக்கு வாங்கி அதன்மேல் திருகுகிறார். டிஜிட்டல் சென்சாருக்குப் புறஊதாக் கதிரைத் தடுக்கத் தனி ஃபில்டர் தேவைப்படுவதில்லை; ஆகவே அவர் அதை வாங்குவது கண்ணாடியில் கீறல் விழாமல் இருக்கத்தான். எந்தக் கண்ணாடியில் என்பதை வருங்கால ஆய்வாளர்கள் கண்டறிய வேண்டும்.